லோடு ஆகாத நாலு நாள்

பேகம்பூர் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் பெங்களூரில் இருக்கும் ஒரு மெஷினுக்கு நான் வேலை பார்க்கிறேன். புதிதாகச் செய்யப்பட்டு வரும் கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதித்து, நல்லது கெட்டது பிரிக்கும் மெஷின். அதை நடத்தும் சாஃப்ட்வேரோடு சேர்ந்து ஓட ஒரு பிளக்-இன் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். எழுதியதை மெஷினுக்குப் புரியும் ஃபைலாக மாற்ற கம்பைல் செய்தேன், ஒரு பிழைகூட இல்லை. ஆனால் சாஃப்ட்வேரைத் திறந்தால், மாட்யூல், அதாவது என் பிளக்-இன், லோடு ஆகவில்லை என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று சொல்லாது.

நாலு நாள். கோடில் எதையாவது மாற்றுவேன், கம்பைல் செய்வேன், மறுபடி அதே வரி. அம்மா தட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்தார், சோறு இறங்கவில்லை. போனில் டீம் லீடரிடம், "இன்னும் லோடு ஆகல சார், இன்னைக்கு எப்படியும் ஏத்திருவேன்" என்று தினமும் சொன்னேன்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தோல் வியாபாரம். இதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அஞ்சாம் நாள் காலை நான் வீடியோ காலில் இருக்கும்போது, தனக்குத் தெரிந்த செம்பட்டி லாரிக்காரரோடு மாடியேறி வந்துவிட்டார்.

"எத்தனை டன்னும்மா? பெங்களூருக்குத்தானே? மத்தியானமே ஏத்திரலாம்" என்றார் லாரிக்காரர்.

"ஐயோ அண்ணே, இது கம்ப்யூட்டர் ஃபைல்."

"அம்புட்டுத்தானா? கூரியர்ல போட வேண்டியதுதானே பாய்?" என்று அத்தாவைப் பார்த்தார்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். பெங்களூரில் ஆறு பேர் சிரித்தார்கள். பேச்சை மாற்றுவதற்காக அவசரமாக என் ஸ்கிரீனைக் காட்டி, செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். டீம் லீடர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். நீங்க ஃபைலை வைக்கிற ஃபோல்டர் ஒண்ணு, செட்டிங்ஸ்ல எழுதியிருக்கிற ஃபோல்டர் வேற."

நாலு நாளாக நான் புதுசு புதுசாகச் செய்து ஒரு ஃபோல்டரில் போட, சாஃப்ட்வேர் முதல் நாள் நான் அரைகுறையாக விட்டதையே வேறொரு ஃபோல்டரில் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தினேன். உடனே லோடு ஆனது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கெட்டுப்போனவை என்று முன்பே தெரிந்த பத்து சிப்புகளை மெஷினில் வைத்திருந்தார்கள். ஓட்டினோம். பத்துக்கும் சிவப்பில் ஃபெயில் என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

லாரிக்காரர் குனிந்து, "ஃபெயிலானதுக்கா பாய் கைதட்டுறாக?" என்று கேட்டார்.

"அந்த வேலை அப்படித்தான்" என்றார் அத்தா, எல்லாம் தெரிந்தவர் போல.