ஒருத்தி மட்டும் இருந்த வகுப்பு

இலங்கை மலையகத்து நோர்வூட் கடைவீதியில் நாகலிங்கத்தின் ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்கப் போகிறவர்கள் வெறும் ஆணியோடு திரும்பிவிட முடியாது. கொஞ்சம் பகுத்தறிவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவார் முதலாளி. ராகுகாலம் பார்த்துக் கடை திறக்கிறவன் மடையன் என்பார். பொருத்தம் பார்த்துக் கட்டினவன் எவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று கேட்பார். வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று ஆமாம் போட்டு வைப்பார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் ஊரில் தன்னைத் தவிர யாருக்கும் மூளை இல்லை என்று நினைக்கிற நல்ல மனிதர். அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த வீட்டில்தான் அவருடைய ஒரே மகள் லோஜினி இருந்தாள். வயது பதினாறு. கடைக்கு மேலே, வீதியைப் பார்த்த மாடி அறையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மாணவி அவள் ஒருத்திதான்.

முன்பு அவளும் எல்லாரையும்போல வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்தான். பத்தாம் வகுப்பில் ஒருநாள் சமய பாடவேளையில் எழுந்து, திருநீறு பூசினால் காய்ச்சல் போகும் என்றால் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டுவிட்டாள். கேள்வி அப்பாவுடையது, சோற்றோடு சோறாகத் தினமும் கேட்டது. தண்டனையாக வராந்தாவில் பாடவேளை முடியும்வரை நின்றது மட்டும் இவள். விஷயம் கடைக்கு எட்டியதும் நாகலிங்கம் தராசில் இருந்த ஆணியை அப்படியே விட்டுவிட்டுப் போய், அதிபரோடு சத்தம் போட்டு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று லோஜினி அழுதாள். வராந்தாவில் நின்றதற்காக அல்ல. சிநேகிதிகளிடம் போய்ட்டு வாறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அப்பா விடவில்லை.

கனடாவில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நாகலிங்கத்துக்கு வழி காட்டினார். அங்கே பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே படிக்க ஒரு பாடத்தொகுப்பு இருக்கிறது, எந்த மதமும் அதில் கிடையாது, மனப்பாடமும் கிடையாது, பிள்ளையைச் சுயமாக யோசிக்கப் பழக்கும் என்றார். கணினியில் வந்து சேர்ந்ததை ஹட்டனில் அச்சடித்து, சுருள்கம்பி போட்டு, தடித் தடியாக ஆறேழு புத்தகமாகக் கொண்டுவந்தார் நாகலிங்கம். பக்கம் பக்கமாகப் புரட்டி, எங்கேயும் சாமி இல்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டார். அவர் கடைக்கு இறங்கிப் போனதும், அம்மா பூரணி ஒவ்வொரு புத்தகத்தின் மூலையிலும் கொஞ்சம் மஞ்சள் தடவிவிட்டாள். புதுப் புத்தகத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள், அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்லவேண்டும், பாடங்கள் நல்ல பாடங்கள். ஒரு செய்தி பொய்யா மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அணை கட்டினால் ஆற்றுக்கு என்ன ஆகிறது, வீட்டு வேலைக்கு ஏன் சம்பளம் இல்லை, இப்படியெல்லாம் கேட்டது அந்தப் புத்தகம். இங்கிலிஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லோஜினி ஆசையாகத்தான் படித்தாள். வில்லங்கம் எல்லாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் இருந்தது. 'இதை உன் குழுவோடு விவாதி' என்று ஒவ்வொன்றும் முடியும். கனடாவில் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் வாரம் ஒருநாள் ஒன்றுகூடுவார்களாம். நோர்வூட்டில் குழுவுக்கு எங்கே போவது?

என்னோடு விவாதி என்றார் நாகலிங்கம். அவரோடு விவாதிப்பதென்றால் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. பூரணி, எனக்கு அடுப்பில் வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டாள். கடைசியில் லோஜினி இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுக்கொண்டு, இதில் உட்கார்ந்து ஒரு கட்சி பேசி, அதில் உட்கார்ந்து மறு கட்சி பேசினாள். பக்கத்துப் புடைவைக்கடைக்காரர்கள், பிள்ளை தனியாகப் பேசுகிறதே என்று பூரணியிடம் மெதுவாக விசாரித்தார்கள். பூரணி அன்று கோயிலுக்குப் போய் ஒரு நூல் வாங்கிவந்து மகளின் கையில் கட்டினாள். அப்பா காணாமல் இருக்க லோஜினி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சிநேகிதிகள் முதலில் வந்துபோனார்கள். பிறகு தவணைப் பரீட்சை, டியூசன், விளையாட்டுப்போட்டி என்று அவர்களுக்கு வேலை வந்தது. போனில் அவர்கள் அடித்துக்கொள்ளும் பகிடி இவளுக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்டுச் சிரிப்பது சிரிப்பா? பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மாடி ஜன்னலில் நிற்பாள். வெள்ளைச் சீருடைகள் வீதி நிறையப் போகும். ஆரம்பத்தில் கை காட்டினார்கள். அப்புறம் நிமிர்ந்து பார்க்க மறந்தார்கள். அவள் தனியாகிப் போனாள். நிறையப் படித்தாள், நிறைய யோசித்தாள், ஆனால் பேச ஆளில்லை.

இந்த நிலையில்தான் அந்த அத்தியாயம் வந்தது. 'புத்தகங்களில் வராத மனிதர்கள் உன் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களிடம் போ. அவர்கள் கதையைக் கேள்.' நாகலிங்கத்துக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கடைவீதிக்கு மேலே ஏறினால் தேயிலைத் தோட்டம், அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். அந்த லயங்களின் கூரைக்குத் தகரமும் ஆணியும் விற்றே வளர்ந்த குடும்பம் அவருடையது. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட அதுவரை ஒரு லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்தாழ்வாரத்தில், ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. சமத்துவம் பேசிய நாகலிங்கமும் உட்கார்ந்ததில்லை.

ஒரு புதன்கிழமை, கொழுந்து பறிக்கிற பெண்கள் பகல் சாப்பாட்டுக்கு வீடு வரும் நேரமாகப் பார்த்து லோஜினி மேலே ஏறினாள். நல்ல சட்டை, கையில் பைல். லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டில் இருந்த காளியாயி, முதலாளி மகளைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தான் நின்றாள். பக்கத்துக் காம்பராக்களில், ஒற்றை அறை வீடுகளில், இருந்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். உங்க கதைய எழுதிக்கிட்டுப் போக வந்தேன் என்றாள் லோஜினி. பிறகு பாடம் சொன்னபடி கேட்டாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு காலமாக இந்த வீட்டில், மழைக்கு ஒழுகுமா, என்ன மாறவேண்டும் என்று நினைக்கிறீர்கள்.

இங்கேதான் எல்லாம் கோணிக்கொண்டது. லயத்துக்கு பைலோடு வருகிறவர்கள் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்கள், வீடு கட்டித் தருவதற்கு ஆள் பார்க்க வருகிறவர்கள். எத்தனையோ பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். சில தோட்டங்களில் அப்படிக் கேட்டுப்போன பிறகு ஏழு பேர்ச் அளவு காணியும் தனி வீடும் உண்மையாகவே வந்திருக்கின்றன. இவள் படிக்கிற பிள்ளை என்று யாரும் ஏன் நினைக்கவில்லை என்றால், படிக்கிற பிள்ளையென்றால் புதன்கிழமை பகலில் சீருடையோடு வகுப்பில் அல்லவா இருக்கவேண்டும்? மலையில் எந்தப் பிள்ளை வீட்டிலிருந்து படித்தது? முதலாளி மகளுக்கு ஏதோ ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக் கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று லயம் முழுவதும் முடிவு கட்டியது. லோஜினிக்கு இது தெரியாது. எல்லாரும் இவ்வளவு பிரியமாகப் பதில் சொல்கிறார்களே என்று பூரித்துப்போனாள்.

சனிக்கிழமை வாருங்கள், என் மகள் நிற்பாள், எல்லா வீட்டுக்கும் கூட்டிப்போவாள் என்றாள் காளியாயி. அப்படித்தான் ஜெயந்தினி கிடைத்தாள்.

லோஜினியின் வயதுதான். பதினொன்றாம் வகுப்பு, வருகிற டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. சனிக்கிழமைதோறும் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கூட்டிப்போனாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த மாமா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று காதுக்குள் சொல்லிச் சிரிக்க வைத்தாள். வேலை முடிந்ததும் இருவரும் குடிநீர்த் தொட்டிக்கு மேலே இருந்த பாறையில் உட்கார்ந்து பேசுவார்கள். லோஜினி தன் புத்தகங்களைப் பற்றி, மாடி அறையைப் பற்றி, இரண்டு நாற்காலிகளில் மாறி மாறி உட்காருவதைப் பற்றியெல்லாம் சொன்னாள். ஜெயந்தினி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். வீட்டு வேலைக்கு ஏன் சம்பளம் இல்லை என்ற கேள்வியை அந்தப் பாறையில் வைத்து விவாதித்தபோது, சம்பளம் வந்தால் அதையும் அப்பா வாங்கிக் குடிப்பார் என்று ஜெயந்தினி ஒரே போடாகப் போட்டாள். லோஜினி வயிறு நோகச் சிரித்தாள். எழுத வேண்டியது எப்போதோ எழுதி முடிந்துவிட்டது. அடுத்த அத்தியாயத்துக்குப் போகாமல் சனிக்கிழமைக்காகவே அந்தப் பாடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. காளியாயி நல்ல சேலை உடுத்து, தன் வீட்டுத் தோட்டத்து லீக்ஸும் நாட்டுக்கோழி முட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். லோஜினி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கடையில் கூட்டம்.

"மொதலாளி, பாப்பா எல்லா வீட்டையும் எழுதி முடிச்சிருச்சு," என்றாள் காளியாயி. "வீடு எப்ப வரும்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தகரம் ஒழுகுது, மாத்துவமா, இல்ல புது வீடு வாறவரைக்கும் பொறுப்பமா?"

நாகலிங்கம் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அவருக்கு உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது. அது வீட்டுக்காக எழுதினது இல்லையம்மா, பிள்ளையின் பாடம் என்று, கனடாவில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். நின்றவர்களும் சிரித்தார்கள். காளியாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, அப்படிங்களா என்றாள். பையை மட்டும் திருப்பிக் கொண்டுபோகாமல் பலகையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று லோஜினிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதோடு இன்னொரு பயமும் வந்தது. ஜெயந்தினி?

கல்லாவிலிருந்து அப்பா அவளை விட ஒரு மணி நேரம் ஆனது. விட்டதும் கால் செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் மேலே ஓடினாள். லயத்தில் யாரும் ஏசவில்லை. வாங்க என்றார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். காளியாயி வீட்டுக்குள் இருந்து வெளியே வரவில்லை. ஜெயந்தினி பீலியடியில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், துணி அலசிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

எனக்குத் தெரியாது, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று லோஜினி மூச்சு வாங்கச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். ஜெயந்தினி துணியைப் பிழிந்துகொண்டே, தெரியும் என்றாள்.

"எனக்கு ரெண்டாவது சனிக்கெழமயே வெளங்கிருச்சு, இது வீட்டு வேலையில்லனு. நீங்கதான் படிப்பப் பத்திச் சொன்னீங்களே."

"பெறகு ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அனுப்பமாட்டாங்க." ஜெயந்தினி துணியைக் கூடையில் போட்டாள். "ஒங்களப் பாக்க பாவமா இருந்திச்சு. நாங்க லயத்துல எத்தன பேர் கெடக்கோம், சண்ட போடவாவது ஆளிருக்கு. நீங்க நாற்காலியோட பேசிக்கிட்டிருக்கீங்க."

பாவம். முதலாளி மகளை, மாடி வீட்டுப் பிள்ளையை, ஒழுகுகிற காம்பராவில் இருந்த ஒருத்தி பாவம் பார்த்திருக்கிறாள். லோஜினிக்குக் கோபம் வரவில்லை. அது உண்மை என்பதால் அழுகைதான் வந்தது.

ஜெயந்தினி இவளுக்காகச் சனிக்கிழமை டியூசனை விட்டதும், கணக்குப் பாடத்தில் பின்தங்கியதும் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தெரிந்திருந்தும் ஏமாற்றினாயா என்று அம்மா அடித்துவிட்டாளாம். லயத்தில் எல்லாரும் அவளைத்தான் கேட்கிறார்களாம். ஜெயந்தினி இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"சனிக்கெழம வரட்டா?" என்று லோஜினி கேட்டாள். "எழுத வரல. சும்மா வாறேன்."

"வேணாங்க. எனக்கு க்ளாஸ் இருக்கு. அம்மாவுக்கும் ஒங்களக் கண்டா மனசு விட்டுப்போகும்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயந்தினி போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை.

லோஜினி வீட்டுக்கு வந்து மாடி ஏறாமல் கடையிலேயே நின்றாள். கூட்டம் கலைந்திருந்தது. நாகலிங்கம் இன்னும் அதே உற்சாகத்தில் இருந்தார். பார்த்தாயா, இதுதான் உண்மையான படிப்பு, மக்களுடைய அறியாமை எப்படி உண்டாகிறது என்று நேரிலேயே கண்டுகொண்டாய், இதையும் சேர்த்து எழுது என்றார். லோஜினி அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றாள்.

நாகலிங்கத்துக்கு முகம் மாறியது. அந்தப் பள்ளிக்கூடத்திலா என்றார். நம்பாததை எல்லாம் நம்புகிறேன் என்று எழுதவேண்டும், கேள்வி கேட்டால் வெளியே நிற்கவேண்டும், இவ்வளவு படித்துவிட்டு அங்கே போய்ப் பழையபடி கிளிப்பிள்ளை ஆகப்போகிறாயா என்றார். மகள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பேசாமை அவருக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"ஆளுங்க இருக்காங்கப்பா," என்றாள் லோஜினி.

அந்த நேரம் ஒருவர் அரைக்கிலோ ஆணி கேட்டு வந்தார். நாகலிங்கம் நிறுத்து, கடதாசியில் சுற்றி, ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்து அனுப்பினார்.