மங்கலத்துக்கு அப்பால், ஆரஞ்சுத் தலைக் கொக்கு

காலை 5.05, திருப்பூர் பழைய பேருந்து நிலையம். 2006, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

மங்கலம் வழியாகப் போகும் டவுன் பஸ் புறப்படும் முன்பே நிறைந்துவிட்டது. எல்லோரும் இரவு ஷிப்டு முடித்துத் திரும்புகிறவர்கள். உட்கார்ந்த மறு நிமிடம் பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்த்துவிடுகிறார்கள். தூங்கி எழுந்து, பல் துலக்கி, கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியுமாக அந்த பஸ்ஸில் ஏறியவன் நான் ஒருவன்தான். மங்கலத்துக்குப் பத்து கிலோமீட்டர். கட்டணம் நான்கு ரூபாய். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் தொப்பியைச் சற்று நேரம் பார்த்தார்.

"கல்யாண ஆர்டருங்களா?"

"இல்லீங்க. பறவை பாக்கப் போறனுங்க."

"அதுக்கு யாருங்க காசு தர்றாங்க?"

யாரும் தருவதில்லை என்றேன். அவர் முகத்தில் பரிவு வந்தது. வழக்கத்துக்கு மாறாக மீதிச் சில்லறையை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

நான் பனியன் கம்பெனிகளுக்குத் தையல் நூல் விற்கிறவன். ஆறு மாதத்துக்கு முன்பு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். திருப்பூரில் காரணமில்லாமல் நடப்பது எளிதல்ல. தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்களா என்று விசாரித்து, மறுத்தாலும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அந்த மரியாதையிலிருந்து தப்பிக்கத்தான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குக் கேமரா வாங்கினேன். கூடவே செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் பறவைப் புத்தகம். இதுவரை எடுத்த படங்களில் பாதி பறவைகளின் பின்புறம். மீதிப் பாதி, பறவை சற்று முன்புவரை உட்கார்ந்திருந்த கிளை.

5.40, மங்கலம். பொழுது புலரவில்லை, தறிகள் புலர்ந்துவிட்டன. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். இந்த ஊரில் பறவைக் குரல் கேட்க வேண்டுமானால் மின்சாரம் போக வேண்டும். டீக்கடையில் குமாரசாமி காத்திருந்தார். டீ மூன்று ரூபாய். எனக்குச் சர்க்கரை இல்லாமல், அதே மூன்று ரூபாய்.

குமாரசாமி சாயப்பட்டறை வைத்திருக்கிறார். தாத்தா காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த மேட்டுக் காட்டில் இப்போது அவருடைய பட்டறை நிற்கிறது. கார் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மொபெட்டில்தான் வருவார். பதினெட்டு வருடத் தொழில். நிறத்தில் அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. போன மாதம் ஒரு மீன்கொத்தியைக் காட்டியபோது, "இந்த ஷேடு ரண்டு தடவ ரிஜெக்ட் ஆச்சுங்க" என்று பெருமூச்சு விட்டார். துணி வாங்கும் பையர் யாரும் திருப்பி அனுப்ப முடியாத நிறங்களைப் பார்க்கத்தான் என்னோடு வருகிறார் என்று நினைக்கிறேன்.

6.05, குளம். மங்கலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். கடைசி ஒன்று மண்பாதை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு பத்துத் தொப்பிகள் வந்து நிற்கும். நொய்யல் ஆற்றோடு தொடர்பில்லாத, மழைத் தண்ணீரை மட்டும் நம்பிய குளம் இது. ஆற்றின் நிறம் பையர்களின் ஆர்டரைப் பொறுத்து மாறுகிற எங்கள் பக்கத்தில், அடிமண் தெரிகிற தண்ணீர் என்பதே பார்க்கப் போகவேண்டிய காட்சிதான். கரையை ஒட்டிக் கீழே ஒரு தென்னந்தோப்பு. அது குமாரசாமியின் அக்கா ருக்குமணியைக் கட்டிக்கொடுத்த இடம். அக்காவின் கிணறு இந்தக் குளத்து ஊற்றை நம்பித்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வாயில் வைக்க முடிகிற கடைசிக் கிணறுகளில் ஒன்று. குளத்துக்கு மேற்கே, மேட்டில், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் குமாரசாமியின் பட்டறை. பட்டறைக்குப் பின்னால், சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் மண்கரைக் குட்டை.

ஒரு சோடி முக்குளிப்பான்கள். புள்ளிமூக்கு வாத்துகள் ஏழு. எங்களைப் பார்த்ததும் ஊரைக் கூட்டிய ஆள்காட்டி ஒன்று. நான் வாத்துகளின் பின்புறத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, குமாரசாமி என் முழங்கையைப் பிடித்தார்.

"அங்க பாருங்க. எலந்தச் செடிக்கு இக்கட்ட."

இலந்தைச் செடிக்கு இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கொக்குகள் புல்லில் நின்றன. அவற்றில் நான்கு வெள்ளை இல்லை. தலை, கழுத்து, முதுகில் ஒரு கொத்து, மூன்றும் ஆரஞ்சு. யாரோ மேலிருந்து ஊற்றியதுபோல.

நான் படமெடுத்தேன். முதன்முறையாக ஒரு பறவை முன்பக்கம் காட்டி நின்றது. குமாரசாமி கேமராவை வாங்கி, பின்புறத் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு மொபெட் பெட்டியைத் திறந்து, சாய நிறங்களின் மாதிரி ஒட்டிய ஷேடு கார்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு ஷேடு கார்டோடு ஒரு மனிதர் கொக்கை மேட்ச் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இது எங்க கலருங்க."

"கொக்கா?"

"வியாழக்கெழம சாயம் ஓட்டுன துணி லாட்டுங்க. ஒரு டோன் கம்மி. தண்ணியில கலந்தா அவ்வளவுதான் வரும்." சற்றுத் தள்ளி, சேற்றோரம் குனிந்து நின்ற மடையானைக் காட்டினார். வழக்கமாக மண் நிறத்தில் இருக்கிற பறவை. அதன் முதுகு கருஞ்சிவப்பாக இருந்தது. "அது போன மாசத்து மெரூனுங்க. அதும் எங்களுது."

நான் மறுக்கவில்லை. என்னுடைய செங்கல் புத்தகம் முதுகுப் பையில் இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. நொய்யலில் இறங்கிய நாய் பச்சைக் காலோடு கரையேறியதை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளையாக இருந்த ஒன்று நிறம் மாறினால் நாங்கள்தான் மாற்றியிருப்போம் என்பது எங்கள் ஊர் அறிவு. அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை.

"அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரமுங்க" என்றார். மொபெட்டை மறந்துவிட்டு, கரைச் சரிவில் இறங்கி ஓடினார். ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர் தென்னந்தோப்புக்குள் ஓடுவதைப் பார்த்து இரண்டு மயில்கள் ஒதுங்கி வழிவிட்டன. படமெடுக்க நல்ல சமயம். எடுக்கவில்லை.

7.00, ருக்குமணி அக்காவின் மாட்டுக் கட்டுத்தறி. அக்கா வெறும் குடத்தோடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டயா?"

"இல்ல சாமி, இப்பத்தான் எடுக்கப் போறன். ஏன், மொகமெல்லாம் இப்பிடி வேர்த்திருக்குது?"

"காட்டாத. நீயும் குடிக்காத. குட்டைக்கரை ஒடஞ்சு சாயத்தண்ணி குளத்துக்கு வந்திருச்சு. கொக்கெல்லாம் நெறம் மாறிக் கெடக்குது."

அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். "எந்தக் கொக்கு?"

படத்தைக் காட்டினேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கட்டுத்தறிப் பக்கம் கையை நீட்டினார். அங்கே காங்கேயம் பசு ஒன்றின் முதுகில், சொந்தத் தோட்டத்தில் நிற்கிற தோரணையில், ஆரஞ்சுத் தலையோடு ஒரு கொக்கு நின்றது.

"இதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"அதேதானுங்க."

"இது வருசா வருசம் இப்பிடித்தானுங்க. காத்தடிக்கற காலம் வந்தா கூடு கட்டறதுக்குத் தலையில பூசிக்கும். தீவாளிக்குள்ள திரும்ப வெள்ளையாயிரும். இதுக்கு நான் போயி எந்தச் சாயப்பட்டறையில காரணங் கேட்டனுங்க?"

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். உண்ணிக்கொக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள்: இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் வெள்ளை, இனப்பெருக்கக் காலத்தில் ஆரஞ்சு. இரண்டு பக்கம் தள்ளி மடையான், கருஞ்சிவப்பு முதுகோடு. மூன்று மாதமாக இந்த எடையை முதுகில் சுமந்ததில் இளைத்தது நான்தான்; அறிவு அப்படியே இருந்திருக்கிறது.

குமாரசாமி தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஷேடு கார்டு வெச்சுப் பாத்தனுங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார், ஆனால் முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

"ஏஞ் சாமி, கரை ஒடஞ்சிருச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாருஞ் சொல்லலக்கா. கொக்கப் பாத்து..."

"கொக்கு தலையத்தான் காட்டுச்சு. கரையச் சொன்னது நீயி."

குமாரசாமி முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டு அங்கேயே இருந்தது.

"தெக்கு மூலையில கசியுதுக்கா" என்றார் கடைசியில். "போன மாசத்துலயிருந்து. இந்த ஆர்டர் முடியட்டும்னு பாத்தன்."

அக்கா கிணற்றடிக்குப் போனார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, இரண்டு சொம்பில் ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். நான் ஓடிய தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். குமாரசாமி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் போயிப் பாத்துட்டு வந்து குடிக்கறன்க்கா."

"மாட்டுக்குக் காட்டலாமா, வேண்டாமா? அதச் சொல்லீட்டுப் போ."

மூன்று பசுக்களும் ஒரு கன்றும் இறைத்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தன. "சித்தெப் பொறுக்கா. போன் பண்றன்" என்றார் குமாரசாமி.

7.40, பட்டறைக்குப் பின்னால். குளத்தங்கரைக்கு ஏறிப் போய் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்தோம். குட்டையில் தண்ணீர் திராட்சைச் சாற்று நிறத்தில் அசையாமல் கிடந்தது. தெற்கு மூலையில், கரையின் வெளிப்புறம், ஒரு கதவு அகலத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது. ஈரம் அங்கிருந்து பள்ளத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பள்ளம் நேரே குளத்துக்குப் போகிறது.

அது எங்கே நிற்கிறது என்று பார்க்கக் குமாரசாமி குனிந்தபடியே பள்ளத்தில் நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை மண்ணைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் பின்னால் போனேன். இத்தனை மாத நடையில் தலையை நிமிர்த்தாமல் நடந்தது அன்றுதான். ஏதோ ஒன்று கூவிக்கொண்டு மேலே பறந்துபோனது. என்ன பறவை என்று எனக்குத் தெரியாது.

அறுபது எழுபதடியில் நிறம் மங்கியது. வேலாமரங்கள் இருந்த இடத்தில் ஈரம் முடிந்தது. அவர் அங்கே நிற்கவில்லை. குளம்வரை, மீதித் தூரம் முழுவதும், கிள்ளிப் பார்த்தபடியே போனார். கடைசிக் கைப்பிடி குளத்தங்கரை மண். சிவப்பு மண், வெறும் சிவப்பு மண்தான். இருந்தாலும் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார்.

"அக்கா... காட்டு."

மறுமுனையில் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "ம்" என்றார், "ம்" என்றார், பிறகு, "இல்லக்கா, இன்னிக்கே" என்றார்.

8.45 முதல் மதியம்வரை, குமாரசாமியும் நானும் பட்டறை வாட்ச்மேனும் பழைய சாக்குகளில் மண் நிரப்பிக் கரையில் அடுக்கினோம். நான் நிரப்பிய சாக்குகள் பதினொன்று. அவற்றில் மூன்று அவிழ்ந்துகொண்டன. அது தற்காலிக ஏற்பாடு. திங்கட்கிழமை லாட்டை நிறுத்திவிட்டு, குட்டையை இறைத்து, கரையை முழுதாகப் பிரித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். பையருக்கு என்ன காரணம் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"கரை கசியுதுன்னே சொல்லிப் பாக்கறனுங்க" என்றார். "நம்ப மாட்டாங்க. இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லீங்களே."

1.30, திரும்பும் பஸ். இந்த முறை நானும் பக்கத்திலிருந்தவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கினேன். திருப்பூருக்குள் நுழையும்போது விழித்தேன். பாலத்துக்குக் கீழே நொய்யல் அன்றைக்கு நீலமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கேயோ இருக்கும் ஓர் ஆற்றிலிருந்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை, குழாயில் வருகிறது. வராவிட்டால் லாரியில் வருகிறது. ஆகவே நொய்யலைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. வெறும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காட்டலாமா வேண்டாமா, சொல்லிவிட்டுப் போ என்று கேட்பதற்கு இந்த ஆற்றுக்கு ஓர் அக்கா இல்லாமல் போய்விட்டார். கேட்டிருந்தால் குமாரசாமிகள் மட்டும் பதில் சொன்னால் போதாது. நான் விற்பதும் சாயம் ஏற்றிய வண்ண நூல்தான்.