டிரில் டீச்சருக்குப் பால் ஊறுமா?

மற்றவர்கள் வயிற்றைக் குறைக்கப் போகிறவள் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்கவும் உழைக்கவும் ஓடுகிற சகோதரிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவரும் வெளியே வந்தார். வேலை தேடிக் கொழும்புக்குப் போனார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நான் படித்த கான்வென்டின் சிஸ்டர் ஒருவர் இரக்கப்பட்டு என்னை ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பணம் எதுவும் கட்ட வேண்டாம். பதிலுக்குக் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓட்டத்திலும் டிரில்லிலும் நான் பள்ளி நாளிலேயே கெட்டிக்காரி. பின்னேரங்களில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு உடம்பு குறைய அதே டிரில்லைச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு அரிசியும் மண்ணெண்ணெயும் அதில்தான் வந்தன.

மகளை என் மாமியார் பார்த்துக்கொண்டார். தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற பிள்ளை. எங்கள் சந்தில் டின் பால் குடித்த பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்துப்போனதை நான் பார்த்திருந்தேன். சர்ட்டிபிகேட் கைக்கு வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும். இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுக்கலாம். அதுவரை என் பால் வற்றக் கூடாது. எனக்கு இருந்த ஒரே பிரார்த்தனை அதுதான். ஆரோக்கிய உணவு என்று படித்ததையெல்லாம் தின்றேன். முளைகட்டிய பாசிப்பயறு, குரக்கன் என்கிற கேழ்வரகில் கஞ்சி, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல். எல்லாம் நல்லவை, மலிவானவை. ஒரு மேடு ஏறி இறங்கினால் எல்லாம் கரைந்துவிடும். கண்டியில் மேடு இல்லாத வழி எது?

எந்த தேசத்து டிரில்

முதல் மாதங்களில் பாலுக்குக் குறைவில்லை. கூடிப்போனதுதான் தொல்லை. காலையில் டிரில் மணி அடிக்கும் நேரமும் மகள் பசித்து அழும் நேரமும் ஒன்று. ஒரு நாள் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுக் குழந்தையோ அழுதது. அவ்வளவுதான், என் ரவிக்கை நனைந்துவிட்டது. சட்டென்று இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வராந்தாவில் சிஸ்டர் நிற்கிறார். டிரில்லை நிறுத்தவும் முடியாது. கையைக் கட்டியபடியே குதித்தேன்.

எதிரே நிற்கிற பிள்ளைகள் நான் செய்வதைத்தானே செய்வார்கள்? மைதானம் முழுவதும் நுவரெலியாக் குளிரில் அகப்பட்டவர்கள் மாதிரி மார்பைக் கட்டிக்கொண்டு துள்ளியது. சிஸ்டர் வெள்ளைக்காரி; தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். பக்கத்தில் வந்து என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது எந்த தேசத்து டிரில், மகளே? என் புத்தகத்தில் இல்லையே.”

அம்பிட்டியவில் அரிசிச் செலவு

அம்பிட்டிய மேட்டில் ஒரு பிரக்கிராசியின், அதாவது வக்கீலின், மனைவி. யாழ்ப்பாணத்துப் பெண்மணி. டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். முதல் நாளே கதிரையை விட்டு எழும்பாமல், “இந்தச் சீலையோட என்னாலை துள்ளேலாது, டீச்சர். நீங்கள் பொன்னிக்குப் பழக்குங்கோ. நான் வடிவாப் பாத்துப்போட்டுப் பிறகு அறைக்குள்ளை செய்யிறன்” என்றார். பொன்னி சமையற்காரி. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், குதித்தாள். அம்மா விசிறிக்கொண்டு பார்த்தார். அறைக்குள் எதுவும் நடக்கவில்லை என்பது கதிரை முனகியதிலேயே தெரிந்தது.

டிரில் பழகினால் பசிக்கும். திரும்பி இறங்கும்போது எனக்கும் வயிறு பற்றி எரியும். கைக்குட்டையில் முடிந்த பயறு குளக்கரை வருமுன்பே தீர்ந்துவிடும். பொன்னிக்காவது பக்கத்தில் பானை இருந்தது. ஒரு நாள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். “முந்தி இவள் ஒரு கோப்பைச் சோறு தின்னிறவள். இப்ப பானையை வழிக்கிறாள். உங்கடை டிரில் எனக்கு அரிசிச் செலவு, டீச்சர். இனிமேல் கிழமைக்கு ஒரு நாள் வந்தால் காணும்.”

மடவளைச் சாப்பாடு

எனக்குப் பால் ஊறிய வீடு என்றால் மடவளையில் ஒரு துணிக்கடை முதலாளியின் வீடுதான். கட்டுகஸ்தோட்டைக்குப் போய் அங்கிருந்து பஸ். ஜன்னலையெல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, முதலாளியின் இளம் மனைவிக்கு டிரில் நடக்கும். அந்தப் பிள்ளை சொன்னபடி செய்தாள்; சோம்பல் கிடையாது. முடிந்ததும் நான் புறப்பட எழுந்தால் முதலாளியின் உம்மா வாசலை மறிப்பார். “மகள், புள்ளக்கிப் பால் குடுக்கிற மனிசி வெறும் வகுத்தோட எங்கட ஊட்டிலிருந்து போக ஏலா.” சஹன் என்கிற பெரிய தாலத்தில் நெய்ச்சோறு வரும், கோழிக்கறி வரும், பூண்டு போட்டுப் பால்சுறா வரும், கடைசியில் வட்டிலப்பம் வரும். விருந்தாளியைத் தனியே தின்ன விடுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. ஆகவே இப்போதுதான் வியர்த்து முடித்த மருமகளும் என்னோடு அதே தாலத்தில் உட்காருவாள். நான் அடுத்த கவளம் எடுக்க வேண்டும் என்பதற்காக அவள் எடுப்பாள். அவள் எடுக்கிறாளே என்று நான் எடுப்பேன்.

மடவளைக்குப் போய்வந்த நாட்களில் மகள் வயிறு நிறையக் குடித்து, வாயோரம் பால் வழியத் தூங்குவாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் மறுநாளைத் தள்ளினேன். ஒரு நாள் முதலாளியே திரைக்கு அந்தப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். “டீச்சர், கோவிக்க வேணாம். நீங்க வரத் தொடங்கின பொறகு எங்கட ஊட்டுக்காரி இன்னும் பெருத்துட்டா. விருந்தாடியப் பசியோட அனுப்ப உம்மாக்கு மனசு வராது. அப்ப நீங்க வராம இருக்கிறதுதான் வழி.”

கல்யாணப் பெண்

மடவளை வீடு கைவிட்டுப் போனபின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்தேன். பிறகு மறுபடியும் பிடித்துத் தைத்தேன். மகள் உறிஞ்சுவாள், விடுவாள், என் முகத்தைப் பார்ப்பாள், அழுவாள். அந்த நேரத்தில்தான் டவுனில் ஓர் இரும்புக்கடைக்காரர் வீட்டில், பெண் பார்க்க வருவதற்குள் மகளைக் கொஞ்சம் மெலிய வைக்க ஆள் தேடினார்கள். போனேன். பெண்ணின் தாயார் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். “தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பொண்ணு மெலியணும்னுதான் நாங்களும் ஆசப்பட்டோம். ஆனா உங்களப் பாத்தா பயமா இருக்குங்க. இந்த அளவுக்கு வேணாம்.”

பாராட்டு

சர்ட்டிபிகேட் பரீட்சைக்காக டிரில் பார்க்க ஓர் அம்மையார் வந்தார். வகுப்பிலுள்ள பெண்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் நின்று கட்டளை கொடுத்தேன். கையை விரித்தேன், வளைந்தேன், குதித்தேன். எதையும் மறைக்கத் தேவைப்படவில்லை. ரவிக்கை காய்ந்தே இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான். குதிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நினைப்புத்தான். முடிந்ததும் அம்மையார் கைதட்டினார். சிஸ்டர் பெருமையோடு, எனக்குக் கைக்குழந்தை இருப்பதைச் சொன்னார். அம்மையார் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். “பிள்ளை பெற்ற உடம்பு என்று யாராவது சொல்ல முடியுமா? நீங்கள் எல்லோரும் இவரைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.”

வீட்டில்

அன்று வீடு திரும்பியபோது மாமியார் டின் பாலைக் கரைத்துச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தார். மகள் சத்தமில்லாமல் குடித்தாள். நான் பிள்ளையை வாங்கி ரவிக்கையை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். அதட்டுவார் என்று நினைத்தேன், அதட்டவில்லை. “விடு தாயி. இத்தன நாளா புள்ள காத்தத்தான் குடிச்சுது. எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.”

இப்போது கொதித்த தண்ணீரையே மறுபடி கொதிக்க வைக்கிறேன். மகள் தூங்கியபின் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடா, வெறும் பயமா என்று எனக்கே தெரிவதில்லை. சர்ட்டிபிகேட் வரும் என்கிறார்கள்.

கண்டிப் பெண்களின் உடம்பைக் குறைக்க இத்தனை மேடு ஏறியதில் குறைந்தது என் உடம்பு ஒன்றுதான். அதற்குக் கிடைத்த கூலியில்தான் டின் பால் வாங்குகிறேன்.