கற்பூரம் காட்ட வாயில்லாத பொயிலர்

1. எண்ணெய்

கொழும்பு மட்டக்குளியில் ஹோட்டல்களின் பெட்ஷீட், டவல் வெளுக்கும் லோன்றி ஒன்றில் நான் பொயிலர் ஒப்பரேட்டர். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஸ்டீம் அனுப்புவது என் வேலை. ஸ்டீம் இல்லாவிட்டால் துணி காயாது, அயர்ன் மெஷினும் சூடேறாது. பொயிலர் அப்போது எண்ணெயில்தான் எரிந்தது. நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன நாட்களில், எண்ணெய் பவுசர் லொறி வரும் வரும் என்று கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரத் துணி நாறிப்போய்த் திரும்பிச் சென்றது. புதிதாக வந்த ஹோட்டல்காரர் ஒருவர் முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னார்:

"ஸ்டீம் வருமோ வராதோ எண்டு தெரியாத இடத்துக்கு நான் என்னெண்டு ஓடர் தாறது?"

முதலாளி வெள்ளவத்தைக்காரர், என்னைவிட இளையவர். மூலையில் கிடந்த பழைய விறகுப் பொயிலரை அன்றே துப்புரவாக்கச் சொன்னார். ரப்பர் விறகு வந்தது. விறகு தள்ள நிமல் வந்தான், சாம்பல் அள்ள இன்னும் இரண்டு பேர். கண் எரியும், முதுகு வேகும், ஆனால் வாய் மட்டும் ஓயாது. நிமல் அடுப்பு வாய்க்குள் மரவள்ளிக்கிழங்கு சுட்டு, "அய்யே, கன்ன" என்று சிங்களத்தில் சாப்பிடச் சொல்லி நீட்டுவான். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் கனடாவுக்குப் போன பிறகு, கொட்டாஞ்சேனையில் எனக்கு இருந்தது ஓர் அறை. வீடு என்று இருந்தது அந்த அடுப்படிதான்.

2. வெயில்

பிறகு கூரை முழுக்க சோலார் போட்டு, கரண்ட் பொயிலர் வாங்கினார்கள்.

"அண்ணை, இனி உங்களுக்கு லேசு. பட்டனை அமத்திப்போட்டுச் சும்மா இருங்கோ," என்றார் முதலாளி.

லேசுதான். எண்ணெய்க் கப்பல் பிந்தினாலும் ஸ்டீம் நிற்காது என்று தெரிந்ததும் ஹோட்டல்கள் வருஷக் கணக்கில் ஒப்பந்தம் போட்டன. அதை நம்பி முதலாளி கட்டடத்தை நீட்டினார், மெஷின் இறக்கினார், ஆள் எடுத்தார். நிமல் துணி கொண்டுபோகும் டெலிவரி வான் வண்டிக்கு மாறினான். மற்ற இருவரும் வெளிநாடு போனார்கள். கண்ணாடிக் கதவுக்குள் நானும் ஒரு பட்டன் பெனலும் மிஞ்சினோம். ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. அது விறகுச் சூட்டைவிடப் பொல்லாதது.

ஆயுத பூசை வந்தது. விறகுக் காலத்தில் கற்பூரம் காட்டி, அந்த நெருப்பிலேயே அடுப்பை மூட்டுவோம். நிமல் தேங்காய் உடைப்பான், கடலை பங்கிடுவோம். கரண்ட் பொயிலருக்கு மூட்ட வாயே இல்லை. விடுவேனா? பெனலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கட்டி கட்டியாகக் கற்பூரம் கொளுத்தித் தனியே காட்டினேன்.

ஃபயர் அலாரம் அலறியது!

கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். தட்டும் கையுமாக நானும் வெளியே வந்தேன். முற்றம் கொள்ளாத சனம். இத்தனை பேருக்கா நான் ஸ்டீம் அனுப்பிக்கொண்டிருந்தேன்? தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வேலைக்கு வந்த இளம் பிள்ளை ஒருத்தி என் திருநீற்றைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்:

"இவர் ஆரடி, கோயில் ஐயரோ?"

"நான் பொயிலர்காரன், பிள்ளை," என்றேன்.

"இங்க பொயிலர் இருக்கா அங்கிள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

தம்பிமார், தங்கைமாருக்கு ஒன்று சொல்லுவேன். ஸ்டீம் நிச்சயமானதால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் லேசான வேலை கிடைத்தால், சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இருக்கும் பக்கம் முதல் நாளே போய்விடுங்கள். நான் அந்த அலாரத்துக்கு மறுநாள்தான் போனேன். பாவம், நகர்ந்து இடம் விட்டார்கள். என்ன கதைப்பது என்றுதான் எனக்கு மறந்துவிட்டிருந்தது.