முன்சக்கரத்து ரப்பர்

கல்யாணமாகி நான் கொடைக்கானலுக்கு வந்தபோது, என் கணவர் கடைவீதிக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில் கார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. கொஞ்ச காலத்தில் என் அண்ணனும் வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். மதுரையில் பஸ் கம்பெனியில் வேலை பழகியவர். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே இருவரும் பேசிச் சிரிப்பது அடுப்படி வரை கேட்கும். என் கணவர் காருக்கடியிலிருந்து கையை நீட்டினால் போதும், எந்த ஸ்பேனர் என்று அண்ணனுக்குத் தெரியும். பிறந்த வீட்டை நினைத்து ஏங்க வேண்டியிராத பெண்ணாக நான் சில வருஷங்கள் இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மாவுடையது. அவர் சனிக்கிழமைகளில் பூண்டிக் கிராமத்துப் பக்கம் மருந்து கொண்டு போவார். அந்தக் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். எங்கள் கொட்டகை அதுவரை பார்க்காதது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இடுக்கிபோல் அமுக்கிப் பிடிப்பது கேலிப்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டனில் சேறு போகாமலிருக்க, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. பூட் என்பார்கள். அது கிழிந்து, சேறு புகுந்து, பிஸ்டன் இறுகிப்போய், மலை இறங்கும்போது சக்கரம் புகைந்திருக்கிறது.

புது ரப்பர் கப்பலில் வர மாதக்கணக்கானது. வந்த அன்று என் கணவர் மதுரை போயிருந்தார். அந்த அம்மாவுக்கு மறுநாளே பூண்டி போயாகவேண்டும். அண்ணன் தானே மாட்ட உட்கார்ந்தார். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும், விளக்கெண்ணெய்தான் தடவவேண்டும் என்பது இருவருக்குமே தெரியும்.

“ஏத்தா, வெளக்கெண்ண கொஞ்சம் வெரசா கொண்டா.”

கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அடுப்பில் பால் இருந்தது. நிற்காமல் திரும்பிவிட்டேன்.

சில வாரங்களில் கார் திரும்பி வந்தது. ரப்பர் இரண்டும் ஊறின அப்பளம்போல உப்பி, பள்ளத்திலிருந்து நழுவித் தொங்கின. என் கணவர் கையிலெடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கிரீஸ் பட்டிருக்கு” என்றார்.

“யார் மாட்டினது இது?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“மச்சான் கை வச்சதுங்க. இனிமே நானே பாத்துக்கிறேன்.”

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். “மாப்ளே, நான் கிரீஸத் தொடவே இல்ல” என்றார். என் கணவர் நிமிரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் நான் சொன்னேன்: “ஏங்க, நான்தானே வெளக்கெண்ண ஊத்திக் குடுத்தேன்.”

“நீ குடுத்த. அவரு அதத்தான் போட்டாருன்னு பாத்தியா?”

நான் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளனே அண்ணன் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். என்னிடம் மட்டும், “வாரேன்த்தா” என்றார்.

அடுத்த ஜோடி ரப்பர் வந்ததும் என் கணவர் தானே மாட்டி, காரை அந்த அம்மாவின் பங்களாவில் கொண்டுபோய் விட்டார். ஏதோ ஒரு சாமானை மறந்துவிட்டோமென்று சற்று நேரத்தில் திரும்பிப் போனபோது, பங்களா காவல்காரர் முன்சக்கரத்தடியில் குந்தியிருந்தாராம். கையில் பழைய பிரஷ், பக்கத்தில் சீமெண்ணெய் டப்பா.

“ரோட்டுல தார் போடுறாகள்ல, வீலு பூரா ஒட்டிக் கெடக்குங்க. சீமெண்ணெய் ஊத்தித் தேச்சாத்தான் போகுது. எப்பவும் இப்படித்தான் தொடைக்கிறது” என்றாராம் அவர், வெள்ளந்தியாக.

என் கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். கிரீஸைப் போலவே சீமெண்ணெயும் அந்த ரப்பரை ஊதவைத்துவிடும். “கெளம்பு, அய்யம்பாளையம் போவோம்” என்றார்.

அண்ணன் அங்கே, மலையடிவாரத்தில், தேங்காய் லாரிகளுக்கு ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் கணவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“தப்பு எம்மேலதான் மச்சான். வாங்க போவோம். உங்க எடம் அப்படியே கெடக்கு.”

“தெரிஞ்சதே சந்தோசம் மாப்ளே. ஆனா இங்கயும் சோலி நெறைய கெடக்கு.”

“அதுக்கில்ல மச்சான்...”

அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. “சீமெண்ணெயக் கண்ணால பாத்தீங்க, வந்தீங்க. பாக்காமப் போயிருந்தா?”

என் கணவர் இளநீரைக் கீழே வைத்தார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இருந்திருந்தால் அழுதாவது கூட்டிவந்திருப்பேன். எங்களைச் சாப்பிடவைத்து, பஸ்ஸுக்கு வந்து, இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பஸ் மலையேறும்போது என் கணவர், “அந்தம்மா முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்” என்றார்.

அண்ணன் நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்தார். சீர் செய்வதில் ஒரு குறை வைத்ததில்லை. விசேஷம் முடிந்த கையோடு சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கிவிடுவார். கொட்டகையில் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சில சமயம் என் கணவர் காருக்கடியில் படுத்தபடி, ஸ்பேனருக்காகக் கையை மட்டும் வெளியே நீட்டுவார். எந்த ஸ்பேனர் என்று சொல்லமாட்டார். புது ஆள் விழித்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரே நகர்ந்து வெளியே வந்து எடுத்துக்கொள்வார்.