பரமட்டாவில் ஒரு ‘வா’

மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். அந்த நேரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: இந்த முறையாவது கிம் சாரின் அணி ஜெயிக்க வேண்டும்.

கிம் சார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குக் குடிவரும் முன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். அவர் என் மேலதிகாரி. அவருடைய ஊருக்கென்று ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப் உண்டு. வார இறுதியில் அது தோற்றால் திங்கட்கிழமை எங்கள் பாடு திண்டாட்டம். நல்ல பாகத்திலும் கீறல் கண்டுபிடிப்பார்.

அது அடிக்கடி தோற்கும் என்பதுதான் கொடுமை. கோப்பை வாங்கிய வருஷங்களைவிட இரண்டாமிடத்தோடு திரும்பிய வருஷங்கள் அதிகம். ஒருமுறை இரண்டாம் பிரிவுக்கே இறங்கி, அழுது புரண்டு மேலே வந்தது. ஆசியப் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியா வந்தபோதெல்லாம் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அத்தனைக்கும் கிம் சார் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அவருக்கோ வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதுதான் கடைசி நெடும்பயணம் என்று மகன் கண்டித்துச் சொல்லிவிட்டானாம்.

செவ்வாய், மாலை ஐந்தரை. டூங்கபியில் நான் தங்கியிருந்த தோழி வீட்டிலிருந்து பரமட்டா கால்பந்து அரங்கம் ஏழு கிலோமீட்டர் இருக்கும். தோழியின் கணவர் சேவியர் அண்ணா, மன்னார்க்காரர், காரில் கொண்டுவந்து விட்டார்.

“இஞ்ச இருந்துகொண்டு கொரியன் ரீமுக்கோ கத்தப் போறீங்கள்?”

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும்ண்ணா.”

“ஓம் ஓம், வடிவாக் கத்துங்கோ. மெச் முடிய ஃபோன் அடியுங்கோ, வாறன்.”

அரங்க வாசலில் கிளப்பின் பச்சைக் கழுத்துத்துணியோடு கிம் சார் நின்றிருந்தார். தலை முழுக்க வெள்ளை. “கல்பனா! சாப்பிட்டாச்சா?” என்றார். அப்படியே ஸ்ரீபெரும்புதூர்த் தமிழ்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனோம். படியேறினால் மைதானம். படிக்குக் கீழே, மைதானமே தெரியாத இடத்தில், ஒரு சிப்ஸ் கடை. அங்கே வந்ததும் நின்றுவிட்டார்.

“நீங்க போங்க. நான் பாத்தா தோல்வி.”

தான் ராசியில்லாத ஆளாம். அட கடவுளே, பத்து மணி நேரம் பறந்து வந்து சிப்ஸ் பொரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? ஆனால் சிரிக்கவும் முடியவில்லை. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் என்றால், தண்ணீர் குடிக்க எழுந்தவரையும் அதட்டி உட்கார வைக்கும் வீடு எங்களுடையது.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கொரிய ரசிகர்களின் மத்தளச் சத்தத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தேன். இடைவேளைவரை கோல் இல்லை. இறங்கிப் போய் எட்டு டாலருக்குச் சிப்ஸ் வாங்கி அவரிடம் நீட்டி, “வாங்க சார், மிச்சத்தையாவது பாருங்க” என்று கெஞ்சினேன். சிப்ஸை வாங்கிக்கொண்டார், அசையவில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தலையால் முட்டினான். கோல்! படியோரம் ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

“சார், வா! வா!”

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொரிய மொழியிலும் ‘வா’ என்றால் ‘வா’தான். தொழிற்சாலையில் அவருடைய முதல் நாள் யாரோ உதவியாளனை “ஏய், வா!” என்று அதட்ட, தன்னைத்தான் என்று நினைத்துக் கிம் சார் எழுந்து வந்து நின்றார். பெரியவர்களை அப்படிக் கூப்பிடுவது அவர்கள் ஊரிலும் மரியாதையில்லை. அன்றிலிருந்து அவர் காதுபட யாரும் ‘வா’ என்றதில்லை. அவரும் தரை பெருக்கும் பெண்ணைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

கிம் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அம்மா கூப்பிட்ட பிள்ளைபோலக் குடுகுடுவென்று படியேறி வந்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு உதறல் எடுத்தது. எதிரணி அலை அலையாக வந்தது. கூட்டிவந்தது நான், ஒரு கோல் விழுந்தால் பழி என் தலையில். கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து கோல் கம்பத்தில் மோதித் தெறித்தது. கிம் சார் கண்ணை மூடவில்லை. என் மணிக்கட்டைத்தான் நசுக்கிவிட்டார். விசில் ஒலித்தது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். ஜெயிச்சாச்சு!”

கழுத்துத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

புதன் காலை. விமான நிலையத்தில் அவருக்கு சியோல் விமானம், எனக்கு மெல்பர்ன். என் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டாருக்கு இந்தக் கிளப்பின் பெயர்கூடத் தெரியாது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நுழையும் முன் கிம் சார் திரும்பினார். அடுத்த சுற்று அவர் ஊர் மைதானத்தில். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல் சொன்னார்.

“வா.”

எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.