காய்ச்சல் விட்ட காலை

என் வீட்டுக்காரர் அந்த ஆஸ்பத்திரிக்குள் நடந்தேதான் போனார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதும், "சும்மா காய்ச்சல்தானே, ஒரு ஊசி போட்டா சரியாப் பூடும்"னு என்னையே சமாதானப்படுத்தினார். பழவேற்காடு ஏரியில் பன்னிரண்டு வயசிலிருந்து வலை இழுக்கிற உடம்பு. படுத்து நான் பார்த்ததே இல்லை.

டவுனில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை. "வைரஸ் காய்ச்சல்மா, தானா இறங்கும்" என்றார் டாக்டர். பெட் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். குளிர் வரும்போதெல்லாம் கட்டிலே ஆடும். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காலையில் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது! என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே கொழுந்தனுக்கு போன் போட்டேன். அவன் அப்போது ஏரியில், படகில் இருந்தான். "காய்ச்சல் விட்டுடுச்சுப்பா!" என்றதும் அவன் போட்ட கூச்சலும், கூட இருந்தவர்கள் போட்ட கூச்சலும் சேர்ந்து போன் அலறியது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரும் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கார், நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றார். நான் கீழே ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, கொஞ்சம் தண்ணி குடு."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து பெட்டுக்கு வந்த யாரோ ஒரு பொம்பளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தண்ணியைக் கொடுத்தபோது விரல் பட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. படுத்தே இருக்கிற மனுஷனுக்கு, ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கியது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் ஒண்ணுக்கே போகவில்லை.

நர்ஸிடம் சொன்னேன். அசதி என்றார். டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "சாப்பாடு இல்லாம கிடந்திருக்கார், அப்படித்தான்மா இருக்கும். காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்றார். எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மதியத்துக்குள் அவர் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "நைனா, காத்து மாறிடுச்சு, வலய தூக்கு நைனா." என் மாமனார் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

மதியத்துக்கு மேல் டியூட்டி மாறியது. புதிதாக வந்த லேடி டாக்டரை வராந்தாவிலேயே மறித்துக்கொண்டேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கோபப்படவில்லை. கூடவே வந்து கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்றார்.

"இல்ல மேடம். இது அவரே இல்ல."

அவ்வளவுதான். அந்த அம்மா பி.பி. பார்த்தார். முகம் மாறிவிட்டது. போர்வையை உருவி எடுத்து, தலையிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குதிகாலில் நின்றார். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. மேலே தோல் மூடியிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

"இது என்ன?"

"கெளுத்தி முள்ளு குத்திச்சு மேடம். போன வாரம்."

"யாருமே சொல்லலையே?"

முள் குத்தாமல் மீன் பிடிக்கிறவன் எங்கே இருக்கிறான்? அதை ஒரு விஷயமாக அவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

"கிருமி ரத்தத்துல கலந்துடுச்சுன்னு நினைக்கிறேன். காய்ச்சல் விடலம்மா. உடம்புக்குச் சூடு ஏத்துற தெம்பே போயிடுச்சு" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே இரண்டு கையிலும் ரத்தம் எடுத்துப் பாட்டில்களில் அடைத்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க லேப்புக்கு அனுப்பினார். அந்த முடிவுக்குக் காத்திருக்காமல் பெரிய மருந்தை ஏற்றச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் செய்தார்.

நான் மறுபடி போன் போட, கொழுந்தன் கரையேறியதும் அப்படியே வந்து சேர்ந்தான். லுங்கி ஈரம், முழங்கையில் மீன் செதில். சைரன் அலற, சென்னையைப் பார்த்து வண்டி பறந்தது. லாரிகள் ஒதுங்கின, பஸ்கள் ஒதுங்கின. ஒவ்வொன்று ஒதுங்கும்போதும் அவன், "போ, போ, போ!" என்று வண்டித் தரையை மிதித்தான். எனக்கும் அழுகை நின்று, அவனோடு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் குதிகாலைக் கிழித்துச் சீழை எடுத்தார்கள். ஐ.சி.யூ.வில் அவர் கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை தொங்கும். உள்ளே விடும்போதெல்லாம் நான் முதலில் குனிந்து அதைத்தான் பார்ப்பேன். காலியாகவே இருக்கும். சிறுநீரகம் வேலை செய்தால்தான் பிழைப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை குனிந்தேன். பையின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம்! குழாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே ஓடிவந்து, "வந்துடுச்சுப்பா!" என்றேன். கொழுந்தன் அந்த வராந்தாவிலேயே குதித்தான். காட்டூரிலிருந்து புருஷனைக் கொண்டுவந்திருந்த நெல் பயிர் வைக்கிற ஒரு அம்மா, என்ன வந்தது என்றுகூடக் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டது. பிறகு சொன்னதும் இன்னும் இறுக்கிக்கொண்டது.

லேடி டாக்டரும் போன் செய்தார். பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டதாம், கொடுத்த மருந்துக்கு அடங்குகிற கிருமிதானாம். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் குரல் துள்ளியது.

என் வீட்டுக்காரர் தெளிவாகக் கண் திறந்து பேசிய முதல் பேச்சு, "இன்னாடி, தலைய வாரக்கூடாதா? பேய் மாதிரி கீற." அந்த 'டி'யைக் கேட்டு நான் சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து அதட்டினார்.

ஊர் திரும்பிய பிறகு, குதிகால் கட்டைப் பிரிக்க டவுன் ஆஸ்பத்திரிக்கே போனோம். முதலில் பார்த்த டாக்டர்தான் இருந்தார். சண்டை போடவே நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போயிருந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"நான் அவர் காலைப் பாக்கலம்மா. நீங்க சொன்னதையும் சரியா காதுல வாங்கல. தப்புதான்."

நான் செருகிய முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். "நானும்தான் காட்டல சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் கட்டைப் பிரித்தார். குதிகாலில் ஒரு பள்ளம், ஆனால் சுத்தமாக ஆறியிருந்தது. அதோடு விடவில்லை. டார்ச்சை எடுத்து, ஆறிய கால், நல்ல கால், ஒவ்வொரு விரல் இடுக்கு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூச்சம் தாங்காமல் நெளிந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வுடு சார், வுடு சார்!" என்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.